ஊவாவில் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை, வெலிமடைப் பக்கங்களில் பயிர்க் காவலுக்கென்று வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களே, தோட்டத்துக் காவலுக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற வாச்சர்மாரே, பங்களாவிலும் குவாட்டர்ஸிலும் அதைப் பொறுப்பில் வைத்திருக்கிற உத்தியோகத்தர்களே,



துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள். வட்டிக்கு வாங்கிப் போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போன காலையில், பாத்தி ஓரத்தில் பேச்சற்று நிற்கிற மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மரவள்ளிக் கிழங்கை முள்ளம்பன்றி தோண்டுகிறது. போஞ்சியைக் குரங்கு பிய்த்தெறிகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் நின்று குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணினோம். அரசாங்கமே எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தொல்லை பெரிதுதான். ஆனால் இரவுக் காவல் இன்னமும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. பனியில் நனைந்து பந்தத்தோடும் டோர்ச்சோடும் விழித்திருக்கிற உங்களிடம் துப்பாக்கி எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வராது.

நான் கேட்பது வேறு. இரவில் சில மணி நேரம் அது வயலில் உங்கள் கையில் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் அது எங்கே இருக்கிறது? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் உங்கள் ஒருவரின் பெயருக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளை, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மச்சான், யாருக்கும் அந்த அனுமதி இல்லை. ஆனால் பகல் முழுக்க அவர்கள் அத்தனை பேரும் இருக்கிற வீட்டில், கதவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ, அலுமாரிக்கு மேலே பழைய சாக்கில் சுற்றியோ, அது சும்மா கிடக்கிறது. பல வீடுகளில் உள்ளே தோட்டாவோடு கிடக்கிறது.

"பிள்ளைகளுக்குத் தெரியாது, மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளோடு வாழ்ந்தவள் என்பதால் சொல்கிறேன், அவர்களுக்குத் தெரியும். அப்பா சாராயப் போத்தலை எங்கே வைக்கிறார், அம்மா சீட்டுக் காசை எந்த டப்பாவில் போடுகிறார் என்பதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு, வீட்டிலேயே நீளமான பொருள் இருக்குமிடம் தெரியாமல் போகுமா? எங்கள் ஊரில்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கிராமப்புறத்தில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே வைத்துக் கேட்டு, 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 39 பேரின் பிள்ளைகள், தங்களுக்குத் தெரியும் என்றார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 22 பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். அங்கே வீட்டுக்குப் பல அறைகள். நம் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் ஓர் அடுப்படியும்தான். அதற்குள் எதை, யாரிடமிருந்து மறைப்பீர்கள்? மறைப்பதில் பாதுகாப்பு இல்லை. பூட்டுவதில்தான் இருக்கிறது.

பூட்டி வைத்தால் பன்றி வரும்போது திறக்க நேரம் இருக்காதே என்பீர்கள். பன்றிக் காவலுக்கு நீங்கள் முன்கூட்டியே ஆயத்தமாகித்தான் போகிறீர்கள். காலில் சப்பாத்து, தலைக்குத் தொப்பி, டோர்ச்சுக்கு பற்றரி எல்லாம் எடுக்கிற அந்த நேரத்தில் இரண்டு பூட்டைத் திறக்கலாம். வயலுக்குப் போய் நின்ற பிறகுதான் தோட்டா குழலுக்குள் போக வேண்டும். திரும்பி வரும்போது வாசலுக்கு வெளியிலேயே அது வெளியே வர வேண்டும். களைத்துப்போய் விடியற்காலையில் வந்து, தோட்டாவை எடுக்காமல் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கிப்போவதுதான் எனக்குப் பயம். நீங்கள் தூங்குகிற அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட எழும்புகிறார்கள்.

இன்னொன்றையும் திறந்து பேச வேண்டும். மலையகத்தில் நாம் மெதுவான குரலில் மட்டும் பேசுகிற விஷயம் அது. 1995இல் உலகத்திலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் இலங்கை ஒன்று. ஒரு லட்சம் பேருக்கு 47 பேர். அந்த எண் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், நம் தோட்டங்களில் கிரமொக்சோன் என்று எல்லாருக்கும் தெரிந்த களைக்கொல்லியை நிறுத்தியதும் அதற்குப் பெரிய காரணங்கள். சண்டை, கடன், அவமானம் எதுவும் நாட்டில் குறையவில்லை. அந்தக் கெட்ட நிமிடத்தில் கைக்கு எட்டுகிற பொருள் மாறியது, அவ்வளவுதான். கெட்ட நிமிடம் கடந்துபோகிறது, மனிதர் பிழைத்துக்கொள்கிறார். துப்பாக்கி கையில் கிடைத்தால் அந்தச் சந்தர்ப்பம் இல்லை. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக்கூட அது விடாது.

அநுராதபுரம் பக்கத்துக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூச்சிமருந்து பூட்டி வைக்கும் பெட்டிகள் கொடுத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பெட்டியால் பலன் தெரியவில்லை என்று 2017இல் முடிவு சொன்னார்கள். அதை மறைக்காமல் இங்கே வைக்கிறேன், ஏனென்றால் பெட்டி வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. பூச்சிமருந்து கடையிலும் கிடைக்கும், பக்கத்துத் தோட்டத்திலும் கிடைக்கும். துப்பாக்கி அப்படி இல்லை, உங்கள் வீட்டில் பூட்டினால் அந்த லயத்துக்கே அது பூட்டியதுதான். அமெரிக்காவில் 2005இல் வந்த ஆய்வு ஒன்று, துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் வைப்பது, துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது, தோட்டாவையும் பூட்டுவது ஆகிய நான்கு பழக்கங்களைத் தனித்தனியே பார்த்தது. அவை இருந்த வீடுகளில் பிள்ளைகளும் இளம் வயதினரும் துப்பாக்கியால் தவறுதலாகவோ தாமாகவோ காயப்படுவதும் சாவதும் குறைவாக இருந்தன. நான்கில் ஒன்றுக்கும் பெரிய காசு வேண்டாம். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், சாவியை வீட்டிலேயே வைக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். துப்பாக்கியைச் சில காலத்துக்கு பொலிஸில் ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவல் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. "இன்றைக்கு ஒரு ராத்திரிக்குத் தா, ஒரு பன்றி" என்று வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் பெயரில் இருப்பதை அவர் கையில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. தோட்டாக்களையும் அப்படித்தான். இரவலாகப் போன தோட்டா எந்தக் கட்டுத்துவக்குக்குள் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியுமா? பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி வைக்கிற அந்தச் சாமானுக்குப் பன்றியும் மனிதரும் ஒன்றுதான். பதுளை, மொனராகலை மாவட்டங்களில் விறகுக்குப் போன பெண்களும், மாடு தேடிப் போனவர்களும், குறுக்குப் பாதையில் வீட்டுக்கு வந்தவர்களும் கட்டுத்துவக்கில் கால் இழந்தும் உயிர் இழந்தும் இருக்கிறார்கள். சிறுத்தையும் யானையும் அதில் அடிபடுகின்றன. கட்டுத்துவக்கு வைக்கிறவருக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு தோட்டாவும் போகக் கூடாது.

களவும் இருக்கிறது. ஊவாவுக்கு அதில் பழைய அனுபவம் உண்டு. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி கிளர்ச்சிக்காரர்கள் முதலில் தாக்கியது நம் மாகாணத்து வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத்தான். அவர்களுக்கு அன்று வேண்டியிருந்ததும் துப்பாக்கிதான். 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சிக் காலத்திலும் கிளர்ச்சிக்காரர்கள் இரவில் கதவைத் தட்டி, வீட்டுக்காரரின் அனுமதிபெற்ற துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதே துப்பாக்கி பிறகு யார் நெஞ்சுக்கு நேரே நீண்டது என்று நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அரசியலுக்குப் பதிலாகக் கொள்ளைக்குப் போகும். உங்கள் பெயர் பதிந்த போர 12 ரகத் துப்பாக்கி ஒரு கொலை வழக்கில் சான்றுப் பொருளாக மேசையில் வைக்கப்படுகிற நாளில், பூட்டாமல் வைத்திருந்தேன் என்பது உங்களைக் காப்பாற்றுகிற பதில் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற தமிழ் வீடுகளும் உண்டு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு விளக்க வேண்டாம். 1983 யூலை 27ஆம் திகதி இனக்கலவரத்தில் பதுளை நகரம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் நம் இளைஞர்கள் கூட்டமொன்றால் கொல்லப்பட்டபோது, துப்பாக்கியோடு பொலிஸார் அங்கேயே நின்றார்கள். துப்பாக்கி இருந்தது, அந்த உயிர்களை அது காக்கவில்லை. கூட்டமாக வருகிற வெறியை வீட்டு மூலையில் நிற்கிற ஒற்றைக் குழல் தடுக்காது. அது இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் குடும்பத்தின் பக்கத்திலேயே நிற்கிறது என்பது மட்டும் உறுதி.

இனிச் சாமானைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் கெட்டுப்போன துப்பாக்கியும் ஆளைக் கொல்லும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நமக்கு மழை. நமுனுகுலை, மடுல்சீமை, ஹப்புத்தளை மேட்டில் மற்ற மாதங்களிலும் மூடுபனி இறங்கிவிடும். உடுப்பே காயாத அந்தக் காம்பராவில் இரும்பு எப்படி இருக்கும்? பலர் துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டுக் கட்டி வைத்துவிட்டு, பத்திரம் என்று நினைக்கிறார்கள். உறை ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். உறை கொண்டுபோவதற்கு மட்டும்தான், வைப்பதற்கு இல்லை. சாக்கும் அப்படித்தான். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காய்ந்திருக்கும் என்பது பழைய பழக்கம், ஆனால் புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். நனைந்து வந்த துப்பாக்கியை அன்றைக்கே துடையுங்கள். சுட்டிருந்தால் குழலுக்குள் தங்கிய கரியைக் கம்பியில் துணி சுற்றி எடுத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் அது பிசுபிசுத்து விசையை இறுக்கும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், பிறகு காற்றில் போய்விடும், துருவைத் தடுக்காது. எண்ணெயை ஊற்றாதீர்கள். நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் மிஞ்சிய எண்ணெய் கீழே வழிந்து மரப்பிடியை ஊறவைத்துப் பொருத்துகளைத் தளர்த்திவிடும். படுக்கை வாட்டில் வைப்பது நல்லது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை இரண்டைப் போடுங்கள், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிறதே, அதுதான்.

குளவியைத் தோட்டத்தில் உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் மண்ணால் கூடு கட்டுகிற குளவிக்குத் துப்பாக்கிக் குழல் தோதான இடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில வாரம் திறந்த மூலையில் நின்ற துப்பாக்கியை அவசரத்தில் எடுத்துச் சுட்டால், குழலுக்குள் இறுகிய மண் வழியை அடைக்க, குழல் உங்கள் கையிலேயே வெடிக்கலாம். அதனால் தோட்டா போடுமுன் ஒவ்வொரு முறையும் குழலை மடக்கித் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். போர 12 துப்பாக்கி வைத்திருக்கிறவர் வீட்டுக்குள் போர 20 தோட்டா வரவே கூடாது. சிறிய தோட்டா குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெறுங் குழல் என்று நினைத்து அதற்குப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். ஈரத்தில் உப்பிய தோட்டா, பச்சை பூத்த அடிப்பகுதி உள்ள தோட்டா, யாரோ வீட்டில் மருந்து அடைத்துக் கொடுத்த தோட்டா எதையும் சுட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள். தோட்டாக்களைக் காற்றுப் புகாத தகரத்தில், வேறு பெட்டியில், வேறு பூட்டில் வையுங்கள்.

லயத்தில் துப்பாக்கிப் பெட்டிக்கு எங்கே இடம் என்ற கேள்வி நியாயமானது. மடக்கித் திறக்கிற சாதாரணத் துப்பாக்கியின் முன்கட்டையைக் கழற்றினால் குழல் வேறு, பிடி வேறாக இரண்டு துண்டாகும். மூன்று அடி நீளத் தகரப் பெட்டிக்குள் அது அடங்கிவிடும், கட்டிலுக்கு அடியில் போகும். பழைய லயத்துச் சுவர் போல்ட்டைத் தாங்காது, ஆகவே பெட்டியைத் தரைச் சிமெந்தோடு பிணையுங்கள். பெரிய ஆமைப்பூட்டு ஒன்று போடுங்கள். பெட்டி செய்யும்வரை, இறப்பர் உறை போட்ட சைக்கிள் சங்கிலிப் பூட்டைத் திறந்த குழல் வழியே விட்டுப் பூட்டினாலே போதும், தோட்டா உள்ளே போகாது. சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் தேடுகிற இடம் அது.

மழைக்காலத்தில் இன்னொரு கவலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ ஓடுகிறோம். அப்போது துப்பாக்கி ஆளில்லா வீட்டில் கிடக்கிறது, அல்லது நூறு பேர் படுத்திருக்கிற முகாமுக்குள் வருகிறது. இரண்டும் ஆபத்து. இடம்பெயரச் சொல்லும் முதல் அறிவிப்பிலேயே அதைக் கிட்டிய பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். உயிருக்கு ஓட வேண்டிய நேரமென்றால் அதைத் தேடி உள்ளே போகாதீர்கள். போய்ச் சேர்ந்ததும், இன்ன இடத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. வாச்சரிடம் துப்பாக்கியைக் கொடுத்து லயத்துக்கு அனுப்புகிறீர்கள். அவருடைய காம்பராவில் அதைப் பூட்ட ஒரு பெட்டி இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? ஒரு தகரப் பெட்டிக்கும் இரண்டு பூட்டுக்கும் ஆகிற செலவை அவர் சம்பளத்தில் ஏற்றாதீர்கள். காவல் முடிந்ததும் துப்பாக்கி அலுவலகப் பெட்டிக்கே திரும்புவது இன்னும் நல்லது. பிரதேச செயலக அதிகாரிகளையும் கேட்கிறேன். பயிர்க் காவலுக்கு அனுமதி கேட்பவரிடம் காணி எங்கே என்று கேட்கிறீர்கள், பெட்டி எங்கே என்றும் கேளுங்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே முடிகிற மனிதருக்குக் காட்டக் காணி இல்லை. அதனால் அனுமதியில்லாத நாட்டுத் துப்பாக்கி இரகசியமாகப் புழங்குகிறது. இரகசியமாக இருப்பது எப்போதும் பூட்டில்லாமல்தான் இருக்கும். காணி உரிமையைப் பற்றிப் பேசுகிற நம் தலைவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்பாவோ தாத்தாவோ இறந்து, அவர் பெயரிலிருந்த துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் மூலையில் வைத்திருக்கிற பிள்ளைகளே, அது இப்போது உங்கள் பெயரிலும் இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லி, முறைப்படி மாற்றுங்கள், வேண்டாமென்றால் ஒப்படையுங்கள். 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு தற்காப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. நாளை பயிர்க் காவல் துப்பாக்கியைப் பற்றியும் கேள்வி வரலாம். அன்று, பூட்டி வைத்திருக்கிறேன், ஒரு தோட்டாவும் தவறவில்லை என்று சொல்ல முடிகிறவர்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. புதுப்பிக்கும் காலம் ஒக்டோபரில் தொடங்குகிறது, மழையும் அதே மாதத்தில்தான் வருகிறது. இம்முறை பத்திரத்தைப் புதுப்பிக்கப் போகுமுன் பெட்டியைச் செய்துவிடுங்கள், இரண்டு பூட்டும் வாங்கிவிடுங்கள். அதற்கும் முன்னால், இதைப் படித்துக்கொண்டிருக்கிற இன்றைக்கே, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி மடக்கித் திறந்து பாருங்கள். உள்ளே தோட்டா இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்
பசறை